மேய்ப்பன் எண்ணிய நூறு

மே மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் வெயிலோடு தேர்வு முடிவுகளின் சூடும் சேர்ந்துகொள்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்தச் சூட்டோடு பெருமிதமும் கலந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.67 விழுக்காடு தேர்ச்சி பெற்றுப் பெரம்பலூர் மாவட்டம் தமிழகத்திலேயே முதலிடம் பெற்றது. மறு ஆண்டில் 97.31 விழுக்காட்டுடன் அரியலூர் மாவட்டம் அதே இடத்தில் அமர்ந்தது. 2025-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் 98.82 விழுக்காட்டுடன் அரியலூரே முதலிடம்.

இப்பெருமையை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டிருக்க, பெரம்பலூரில் 74.32 விழுக்காட்டினரும் அரியலூரில் 71.34 விழுக்காட்டினருமே எழுத்தறிந்தவராயிருந்தனர். 1995-இல் திருச்சி மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட பெரம்பலூரும், அதனின்று 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் திரும்பவும் தனி மாவட்டமான அரியலூரும் நெடுங்காலம் ‘பின்தங்கிய பகுதி’ என்ற அடைமொழியைச் சுமந்தவை. மானாவாரி நிலமும், முந்திரிக் காடும், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் கொண்ட இம்மண்ணில், எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தேறுகிறார்கள் என்றால், அதன் பின்னே எத்தனை ஆசிரியர்களின் மாலை நேர உழைப்பும், எத்தனை தாய்மாரின் பட்டினியும் இருக்கும் என்பதை நாம் அறிவோம்.

ஆயினும், ஒரு கேள்வி மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. 2023-இல் முதலிடம் பெற்றுத் தந்த அந்தப் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? மேல்நிலைக் கல்வியை முடித்தவர் எத்தனை பேர்? கல்லூரியில் சேர்ந்தவர் எத்தனை பேர்? சேர்ந்தபின் இடையில் நின்றவர் எத்தனை பேர்? திருப்பூருக்குப் பின்னலாடைத் தொழிலுக்கும், சென்னைக்குக் கட்டட வேலைக்கும், கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் போனவர் எத்தனை பேர்? பதினெட்டு நிரம்பியதும் மணமுடித்து அனுப்பப்பட்டவர் எத்தனை பேர்? முதலிடச் செய்தி நாளிதழில் கொட்டை எழுத்தில் வந்தது. இந்தக் கேள்விகளுக்கான விடை எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

இங்கே ஓர் அறநெறி வினா எழுகிறது. பிள்ளைகளின் கல்வியையும் அதன்பின் அவர்கள் செல்லும் பாதையையும் நெடுங்காலம் பின்தொடர்ந்து பதிவு செய்து, அப்பதிவைக் கொண்டு அடுத்து வரும் பிள்ளைகளுக்கு வழி காட்டுவது நம் கடமையா? அவ்வாறு பின்தொடர்வது அவர்களுடைய சுதந்திரத்தில் தலையிடுவதாகாதா? இவ்விரு வினாக்களையும் பிரிக்காமல் சேர்த்தே சிந்திக்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்பவர் கணிப்பொறிக்கு அடிமையாவார். மற்றதை மட்டும் கேட்பவர் கைகட்டி நிற்பார்.

இருவகை எண்ணிக்கை

விவிலியத்தில் எண்ணிக்கை பற்றிய இரு நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. தாவீது அரசர் தம் மக்களை எண்ணச் சொன்னார். வாளேந்தத்தக்க ஆண்கள் எத்தனை பேர் என்பதே அவர் பெற்ற கணக்கு. அது பாவமென்று பின்னர் அவரே மனம் வருந்தினார். தம் வலிமையை அளந்து பெருமை கொள்ளவே அவர் எண்ணினார் என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. ஆண்டவர் சொன்ன உவமையிலோ மேய்ப்பன் ஒருவன் தன் ஆடுகளை எண்ணுகிறான். நூறில் ஒன்று குறைகிறது, தேடிப் புறப்படுகிறான்.

இவ்வுவமையைக் கேட்கும்போது மேய்ப்பனின் அன்பை வியக்கிறோம். அவன் எண்ணினான் என்பதை மறந்துவிடுகிறோம். எண்ணாதவனுக்கு ஆடு காணாமற்போனதே தெரிந்திராது. நூறு என்று முன்பே அறிந்தவனுக்குத்தான் தொண்ணூற்றொன்பது என்பது குறையாகப் படும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டின் கணக்கில் தொண்ணூற்றொன்பது என்பது கொண்டாட்டத்துக்குரிய வெற்றி. மேய்ப்பனின் கணக்கில் அதே தொண்ணூற்றொன்பது உறக்கத்தைக் கெடுக்கும் இழப்பு.

ஆகவே, எண்ணுவது நன்றா தீதா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. யார், யாருக்காக, எதன் பொருட்டு எண்ணுகிறார் என்பதே வினா.

மாற்றுச் சான்றிதழும் ஓரக்குறிப்பும்

ஒரு பள்ளி தன் மாணவனைப் பற்றி எழுதும் கடைசி வரி மாற்றுச் சான்றிதழில் இருக்கிறது. நடத்தை நன்று என்று எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அன்றாடம் வருகை குறிக்கப்பட்ட பெயர், மறுநாள் முதல் எந்த ஏட்டிலும் இல்லை.

நம் பங்குகளில் உள்ள திருமுழுக்குப் பதிவேட்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பங்குத்தந்தையர் பேணவேண்டுமென்று பணித்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 535-ஆம் சட்டத்தில், ஒருவருடைய உறுதிபூசுதல், திருமணம், குருத்துவத் திருநிலை, துறவற வார்த்தைப்பாடு ஆகியவற்றை அவருடைய திருமுழுக்குப் பதிவில் குறிக்கவேண்டுமென்கிறது. இந்தச் சிற்றூர்களில் திருமுழுக்குப் பெற்ற குழந்தை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மும்பையில் மணமுடித்தால், அங்கிருந்து இங்கே அறிவிப்பு வரவேண்டும். இங்கிருப்பவர் பழைய ஏட்டைத் தேடியெடுத்து, அந்தப் பெயருக்கு நேரே ஓரத்தில் குறித்தாக வேண்டும். ஊரைவிட்டுப் போனவருக்கும் ஓரத்தில் இடம் விட்டு வைத்திருக்கும் பதிவேடு அது.

வழிபாட்டுக் காரியத்தைக் கல்வியோடு முடிச்சிடுவதா எனச் சிலர் வினவலாம். சுட்ட விரும்புவது ஒன்றே: ஓர் உயிரின் தொடக்கத்தைப் பதிவு செய்தவருக்கு அதன் தொடர்ச்சியிலும் பொறுப்புண்டு. பள்ளிப் பதிவேட்டுக்கு அத்தகைய ஓரம் இல்லை என்பதே குறை.

அக்குறையை நீக்க உலகில் பல முயற்சிகள் நடந்துள்ளன. பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த ஏறத்தாழ 17,000 குழந்தைகளின் வாழ்க்கையை ஆய்வாளர்கள் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்து வந்துள்ளனர். நம் அண்டையில், அன்றைய ஆந்திர மாநிலத்தில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு 2002 முதல் சுமார் 3,000 பிள்ளைகளின் கல்வி, உணவு, வேலை, திருமணம் ஆகியவற்றைக் குறித்துவந்தது. வறுமை எந்த வயதில் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிரிக்கிறது என்பது இத்தகைய நீண்ட பதிவில்தான் புலப்படும். ஒரு நாள் தேர்வில் புலப்படாது.

தமிழகத்திலும் இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆசிரியர்கள் ‘எமிஸ்’ என்றழைக்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை 2010-களின் முற்பகுதியில் வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனி எண் கிடைத்தது. 2022-ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் ஒரு பகுதியாக ‘உயர்வுக்குப் படி’ என்ற முகாம்கள் நடந்தன. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தும் உயர்கல்வியில் சேராதவர்களைப் பதிவேட்டின் வழியே அடையாளங்கண்டு, அவர்களைத் தேடியழைத்து, கலைக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்க்க முயல்வதே அவற்றின் நோக்கம். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடும் செயலென்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டத்தையும் நினைவிற்கொள்ளலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது அத்திட்டம். பின்னர் அது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற பெண்களுக்கும் விரிந்தது. ஏழாண்டுக் காலப் பதிவு ஒழுங்காக இருந்தால் அந்தப் பெண்ணின் பேருந்துச் செலவுக்கு வழி பிறக்கிறது. பதிவில் பிழை நேர்ந்தால் அலைச்சல் பிறக்கிறது. எழுத்தர் ஒருவர் கவனத்தோடு எழுதும் ஒரு வரியும் நீதிச் செயலாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குழுமூர் எழுப்பிய கேள்வி

அரியலூர் மாவட்டத்தின் குழுமூர் என்னும் சிற்றூரைப் பற்றிப் பேசாமல் இப்பொருளைப் பற்றிப் பேச முடியாது. கூலித் தொழிலாளி ஒருவரின் மகளான அனிதா, 2017-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றார். 2007 முதல் தமிழகத்தில் நுழைவுத்தேர்வு இன்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடந்துவந்தது. அம்முறை தொடர்ந்திருந்தால் அவருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதி. அந்த ஆண்டு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அதில் அவர் பெற்றது 720-க்கு 86. உச்ச நீதிமன்றம்வரை சென்று தம் குறையைச் சொன்னார். 2017 செப்டம்பர் 1 அன்று, பதினேழு வயதில், அவரை நாம் இழந்தோம்.

ஓர் இழப்பு கண்ணீரை வரவழைக்கும். ஆனால் உலகத்தின் வாதத்தை மாற்றாது. அவர் ஒருவர்தாமே, விதிவிலக்குத்தாமே என்று சொல்லிக் கடந்துபோக முடியும். 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையில் அமைந்த குழு, 2010-11 முதல் 2020-21 வரையான மருத்துவச் சேர்க்கை விவரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தது. மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் தமிழ்வழியில் பயின்றவர்களின் பங்கு 2016-17-இல் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருந்தது. அடுத்த ஆண்டே அது 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குழுமூரில் வடிந்த கண்ணீர் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த எண்களே எடுத்துச் சொல்லின.

நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துள் இக்கட்டுரை நுழையவில்லை. இருதரப்பிலும் அறிஞர் உளர். அறநெறி நோக்கில் இங்கே இரு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, பத்தாண்டுப் பதிவு இருந்திராவிடில் ஏழையின் இழப்பு வெறும் புலம்பலாகவே எஞ்சியிருக்கும். ஏழைக்கு வழக்கறிஞர் இல்லாதபோது, நேர்மையாக எழுதப்பட்ட பதிவேடு அவனுக்காக வழக்குரைக்கிறது. அரசுப் பள்ளியினர் மருத்துவக் கல்வியில் எவ்வளவு குறைவாக இருந்தனர் என்ற கணக்கே, நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைக்கும், 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் அடிப்படையாக நின்றது. இரண்டாவது உண்மை கசப்பானது. பாதை மாறப்போகிறதென்று தெரிந்தவுடனே இப்பதிவுகளைப் புரட்டி, எந்த ஊரின் எந்தப் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவார்கள் என்று பார்த்திருக்க முடியும். ஆனால் பதிவுகள் அடுக்கப்பட்டது நான்காண்டுகள் கழித்து.

2022 சனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்திற்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. நினைவுகூர்தல் நன்று. எனினும், முன்கூட்டிக் கண்டு கைகொடுப்பது நினைவுகூர்தலினும் மேலான அன்பு.

முன்னறிவும் முன்முடிவும்

புனித தோமாஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் அறத்தைப் பகுத்துக் காட்டும்போது, நினைவையும் முன்னோக்கையும் அதன் உறுப்புகளாக வைக்கிறார். நடந்ததை மறந்தவன் விவேகியாகான். வரப்போவதை எண்ணாதவனும் ஆகான். நீண்டகாலக் கல்விப் பதிவு ஒரு சமுதாயத்தின் நினைவு என்றால், அதைக்கொண்டு வழிகாட்டுவது அச்சமுதாயத்தின் முன்னோக்கு. ஆனால் அதே விவேகம், பொதுவிதியை அப்படியே எவர் தலையிலும் சுமத்தாமல், கண்முன் நிற்கும் தனிமனிதரின் நிலையை அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். இவ்விடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் இங்கிலாந்தில் பள்ளியிறுதித் தேர்வை நடத்த இயலவில்லை. கணிப்பொறி வழியே மதிப்பெண் வழங்க முடிவு செய்தனர். ஒவ்வொரு பள்ளியும் முந்தைய ஆண்டுகளில் பெற்ற முடிவுகளைக் கொண்டு இவ்வாண்டு மாணவருக்குத் தரம் ஒதுக்கப்பட்டது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. வழக்கமாக நல்ல முடிவு வராத பள்ளியில் பயின்ற அறிவார்ந்த பிள்ளை, தான் எழுதாத தேர்வில் தன் முன்னோடிகளின் மதிப்பெண்ணால் தாழ்த்தப்பட்டது. மாணவர் வீதிக்கு வந்து போராடினர். ஆகஸ்டு 13-இல் வெளியான முடிவு 17-ஆம் நாளே கைவிடப்பட்டது.

அந்த இளைஞர்களுக்கு நேர்ந்த அநீதி தமிழருக்குப் புதிதன்று. 1953-இல் இராசாசியின் அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நம் முன்னோர் ‘குலக்கல்வி’ என்றழைத்து எதிர்த்தனர். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்கவேண்டும் என்றது அது. மறு ஆண்டே காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. தந்தையின் கையைப் பார்த்து மகனின் தலையெழுத்தை எழுதக்கூடாது என்று அன்று நாம் சொன்னோம். இன்று ஒரு கணிப்பொறி, இந்த ஊரிலிருந்து, இந்தச் சாதியிலிருந்து, இத்தகைய வீட்டிலிருந்து வந்தவர்களுள் இத்தனை பேர் இடையில் நின்றனர் என்று பார்த்து, இந்தச் சிறுவனும் பெரிய படிப்புக்கு உதவான் என்று ஆலோசனை கூறுமானால், அது குலக்கல்வி வேறு உடையில் வந்ததாகவே பொருள்படும்.

கடவுள் யாவற்றையும் முன்னறிகிறார். ஆயினும் அவருடைய முன்னறிவு மனிதனின் விருப்புரிமையைப் பறிப்பதில்லை என்று இறையியல் கற்பிக்கிறது. படைத்தவரே செய்யாத ஒன்றைச் செய்யும் உரிமை ஒரு கணிப்புக்கு ஏது? ‘நூற்றுக்கு எழுபது பேர் இடையில் நிற்கக்கூடும்’ என்னும் எச்சரிக்கை, அந்த நூறு பேருக்கும் கூடுதலாக உதவி செய்வதற்கான அழைப்பு. அதையே தனியொரு பிள்ளையின் நெற்றியில் தீர்ப்பாக ஒட்டுவது அறநெறிப் பிழை.

பழைய பதிவுக்கு இன்னொரு குறைபாடும் உண்டு; புதிதாகப் பிறக்கும் பாதையை அது அறியாது. சிமெண்டு ஆலையும் சுண்ணாம்புக்கல் லாரியும் அரியலூருக்குப் பழையவை. பெரம்பலூர் அருகே நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை வந்தது. எறையூரில் காலணித் தொழிற்பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் பதிவேடு எதுவும் இவ்வூர்ப் பெண்கள் காலணி ஆலைக்கு வேலைக்குப் போவார்கள் என்று சொல்லியிராது. உள்ளூரிலேயே வேலை கிடைப்பது நன்றே. ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஆலைக்கு எத்தனை கைகள் தேவையென்று பார்த்து அதற்கேற்பப் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிப்பதா வழிகாட்டுதல்? அல்லது, இந்தப் பிள்ளைக்குள் இருப்பது என்ன என்று பார்த்து அதற்கான கதவுகளைக் காட்டுவதா? முன்னதில் பதிவேடு சந்தைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கங்காணியாகிவிடும். பின்னதில்தான் அது ஆசிரியரின் கையிலுள்ள விளக்காக இருக்கும்.

எண்ணுக்காகப் பிள்ளையா?

எண்கள் ஆள்பவருக்குப் பெருமை சேர்க்கத் தொடங்கும்போது அவற்றின் நேர்மை கெடுகிறது. தேர்ச்சி விழுக்காடு குறையலாகாதென்று, ஒன்பதாம் வகுப்பிலேயே ‘இவன் தேறமாட்டான்’ எனக் கணித்து, பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் பள்ளி உலகில் உண்டென்பதை யாவரும் அறிவர். நம் நிறுவனங்கள் யாவும் இதற்கு விலக்கென்று சொல்ல நெஞ்சு துணியவில்லை. அவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளை அப்பள்ளியின் எண்ணிக்கையில் தோற்றவனாகக்கூட வருவதில்லை, எண்ணப்படாமலே போய்விடுகிறான். நூறு ஆடுகளில் ஒன்றை முன்னதாகவே விரட்டிவிட்டு, மீதமுள்ள தொண்ணூற்றொன்பதும் பத்திரம் என்று சொல்லும் மேய்ப்பனை என்னென்பது?

தலைமையாசிரியர் ஒருவரிடம் இதுபற்றி உரையாடினேன். அவர் சொன்னது செவியில் நிற்கிறது: “சாமி, படிச்சு வெளியே போன பிள்ளையை நான் தேடிப்போனா யாரு பாராட்டப் போறாங்க? தேர்ச்சி அரை சதவீதம் குறைஞ்சா மட்டும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துடும்.” அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. நாம் எதை அளக்கிறோமோ அதைத்தான் அவர் காக்கிறார். மே மாதத்தின் ஒரு நாளை மட்டும் அளந்தால் அந்த ஒரு நாள் மட்டுமே காக்கப்படும். ஐந்தாண்டுகளுக்குப்பின் அப்பிள்ளைகளின் நிலை என்ன என்பதையும் பள்ளியின் மதிப்பீட்டில் சேர்த்தால், ஒன்பதாம் வகுப்பில் ஒருவனை வெளியேற்றுவது பள்ளிக்கு இழப்பாகத் தெரியும். நெடுங்காலப் பதிவின் பெரும்பயன் இதுவே. அது மாணவனைவிட அதிகமாகப் பள்ளியையும், அரசையும், சமுதாயத்தையும் கேள்வி கேட்கிறது.

ஆசிரியரின் சுமையையும் மறக்கலாகாது. வகுப்பில் பாடம் நடத்தவேண்டிய நேரத்தைச் செல்பேசியில் விவரங்களைப் பதிவேற்றக் கழிக்க நேர்கிறதென்று அவர்கள் முறையிடுவதில் உண்மை உண்டு. பிள்ளையைப் பற்றி எழுதுவதற்காகப் பிள்ளையோடு பேசும் நேரத்தைத் தியாகம் செய்யும் முறை எதுவாயினும், அது தன் நோக்கத்தைத் தானே தோற்கடிக்கிறது.

எழுதக்கூடாதவை

குருவின் பணியில் இருவகை அறிவு உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டில் உள்ளது எழுதப்பட்டாக வேண்டியது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டது எந்நாளும் எழுதப்படாதது; உயிரே போயினும் வெளிவராதது. இரண்டும் ஒரே மனிதரின் நன்மைக்கானவை. எழுதுவதும் அன்பு, எழுதாமலிருப்பதும் அன்பு என்பதை இந்த இரண்டும் சேர்ந்தே கற்பிக்கின்றன.

கல்விப் பதிவிலும் இப்பாகுபாடு வேண்டும். வருகை, மதிப்பெண், உதவித்தொகை, அடுத்துச் சேர்ந்த கல்லூரி ஆகியவை எழுதப்படட்டும். தந்தையின் குடிப்பழக்கம், தாயின் நோய், பதின்மூன்று வயதில் செய்த ஒரு தவறு, ஆசிரியரிடம் அழுது சொன்ன ஓர் உண்மை ஆகியவை இருபது ஆண்டுகளுக்குப்பின் வேலை கொடுப்பவரின் மேசைக்குப் போகும் ஏட்டில் ஏறலாமா? மனிதன் மாறக்கூடியவன், மனம் திரும்பக்கூடியவன். மன்னிக்கப்பட்டதை மறக்கத் தெரியாத பதிவேடு மனித மாண்புக்கு எதிரானது.

நாட்டின் சட்டமும் இத்திசையில் அடி எடுத்து வைத்துள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்று அதே நீதிமன்றம் 2018-இல் கூறியது. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கோருகிறது. ஆயினும் சட்டம் கதவுக்குப் பூட்டுப் போடும். உள்ளிருப்பவரை மதிக்கும் மனத்தை அது தராது. கையெழுத்திடத் தடுமாறும் ஒரு தாயிடம் படிவத்தை நீட்டி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, இசைவு பெற்றுவிட்டோம் என்பது சட்டத்துக்குப் போதுமாயினும் மனச்சான்றுக்குப் போதாது. இது எதற்கு, இதனால் உங்கள் மகளுக்கு என்ன நன்மை, இதை யார் பார்ப்பார்கள் என்று அவர் மொழியில் விளக்குவது கடமை.

நம் பங்கில் தொடங்கலாம்

இவையெல்லாம் அரசும் ஆய்வாளரும் செய்யவேண்டியவை, நமக்கென்ன என்று எண்ணுவோர் உளர். நம் அன்பியக் கூட்டங்கள் வீடு வீடாகக் கூடுகின்றன. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதை அரசின் கணிப்பொறியைவிட நம் பெண்கள் நன்கறிவர். அவ்வறிவு சிதறிக் கிடக்கிறது. அதை ஒழுங்குபடுத்தினால் போதும். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களை, பெற்றோரின் இசைவோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஐந்தாண்டுகளுக்கு இடம் விட்டு வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை, எங்கே இருக்கிறாய், என்ன படிக்கிறாய், என்ன தடை என்று கேட்டுக் குறிக்கலாம். சாதி, சமய வேறுபாடின்றி ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உரியதாக இருக்கட்டும்.

ஐந்தாண்டு கழித்து அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் பல உண்மைகள் தெரியவரும். பெண்பிள்ளைகள் எந்த ஆண்டில் நிற்கிறார்கள், கல்லூரிக்குக் காலைப் பேருந்து இல்லாமையாலா, விடுதிக் கட்டணத்தாலா என்பது தெரியும். முன்பின் அறியாத கல்லூரிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தி, பட்டம் பெற்று, வேலையின்றித் திரும்பியவர் எத்தனை பேர் என்பது தெரியும். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவன் எவ்விடத்தில் நிலைத்தான், செவிலியர் படிப்பு முடித்தவள் எங்கே பணியாற்றுகிறாள் என்பதும் தெரியும். அவர்களையே அடுத்து வரும் பிள்ளைகளின்முன் நிறுத்திப் பேசச் செய்யலாம். ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்கு, தன் தெருவிலிருந்து புறப்பட்டுப்போன அக்காள் ஒருத்தியின் அனுபவத்தைவிடப் பெரிய வழிகாட்டி வேறில்லை.

அக்குறிப்பேட்டுக்கு நான்கு விதிகளை வகுத்துக்கொள்வது நலம். பிள்ளைக்கு உதவுவதற்கன்றி வேறெதற்கும் எழுதலாகாது. எழுதியதைப் பெற்றோரும், வயது வந்தபின் பிள்ளையும் பார்க்கவும் திருத்தவும் உரிமை வேண்டும். உதவி செய்ய இயலாதவர் கையில் அது போகலாகாது. ‘இவனால் முடியாது’ என்ற சொல் அதன் எந்தப் பக்கத்திலும் இடம்பெறலாகாது. இந்நான்கும் ஒரு பங்கின் குறிப்பேட்டுக்குப் பொருந்துவதுபோல் ஒரு மாநிலத்தின் கணிப்பொறிக்கும் பொருந்தும்.

அடுத்த மே மாதத்திலும் முடிவுகள் வரும். நம் இரு மாவட்டங்களும் முதலிடம் பெறட்டும், ஆசிரியர்களுக்கு மாலையிடுவோம். மறுநாள் காலையில், தேறாத அந்த இரண்டு விழுக்காட்டினர் யார், அவர்கள் வீடு எது என்று ஒருவர் கேட்கட்டும். தேறியவர்களின் பெயர்களுக்கு நேரே ஓரத்தில் இடம் விட்டு வைக்கட்டும். பெருமைக்காக எண்ணுபவன் எண்ணி முடித்ததும் ஓய்ந்துவிடுவான். மேய்ப்பனுக்கோ எண்ணி முடித்த பிறகுதான் வேலை தொடங்குகிறது.